துஞ்சும் மனையும் துஞ்சாக் கருவியும்: இல்லத்தார் உறக்கத்தை அறிதலின் அறம்

முன்னுரை

ஒரு வீட்டில் வாழ்வோர் எப்பொழுது உறங்குகின்றனர், எப்பொழுது விழிக்கின்றனர் என்பதை அறிந்து, அதற்கேற்ப விளக்கை அணைக்கவும் நீரைச் சூடாக்கவும் கதவைப் பூட்டவும் வல்ல தானியங்கிக் கருவிகள் இன்று நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டும் நிலையில் உள்ளன. படுக்கையின் அடியில் வைக்கப்படும் அழுத்த உணரி, நடைவழியில் பொருத்தப்படும் அசைவு உணரி, கதவு திறப்பதை அறியும் காந்த உணரி, கைப்பேசி மின்னேற்றத்தில் இடப்பட்ட நேரம், கைப்பட்டை தரும் அசைவுக் கணக்கு ஆகியவற்றை ஒன்றிணைத்து, 'இவர் உறங்கிவிட்டார்' என்ற முடிவுக்கு இல்லத்துக் கணினி வருகிறது. இதனைப் பொறியியல் சிக்கலாகவே பலரும் காண்கின்றனர். ஆயின் இதனுள் ஓர் அறவினாவும் அடங்கியுள்ளது. தன்னை அறியாத நிலையில் கிடக்கும் ஒருவரைப் பற்றி அறிந்துகொள்ளவும், அறிந்ததைச் சேர்த்து வைக்கவும், அவரோடு ஒரே கூரையின்கீழ் வாழ்வோர்க்கு எந்த அளவு உரிமை உண்டு என்பதே அவ்வினா.

இவ்வினாவை மைசூரு நகரில் நிகழ்ந்த ஒரு முன்னோடித் திட்டத்திலிருந்து தொடங்கித் தமிழ் அகமரபின் துணைகொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். 1929இல் மைசூருவில் பிறந்த ஏ.கே. இராமானுசன், குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்து 1967இல் வெளியிட்டபொழுது, அகம் என்பதனை 'உள்ளார்ந்த நிலக்காட்சி' என்னும் பொருள்படும் தொடரால் உலகிற்கு உணர்த்தினார். அதே நகரம் இல்லத்தின் உட்புறத்தை எண்களாகக் காட்டவல்ல அளவிகளையும் நாட்டில் முந்திக் கண்ட நகரங்களுள் ஒன்றாக அமைந்தது. இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்குதல் பொருந்தும்.

1. மின்னளவி காட்டும் உறக்கம்

காவிரியின் சிவசமுத்திர அருவியில் 1902இல் தொடங்கிய நீர்மின் நிலையம், தமிழ்த் தொழிலாளர் பெருமளவில் வாழ்ந்த கோலார் தங்கவயலுக்கு முதலில் மின்சாரத்தை அனுப்பியது. மகாராணி வாணிவிலாச சன்னிதானம் ஆட்சிப் பொறுப்பாளராக விளங்கிய காலத்தில் உருவான திட்டம் அது. அவர் பெயரைத் தாங்கிய வாணிவிலாச மொகல்லா என்னும் மைசூருப் பகுதியை உள்ளடக்கியே, ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர், சாமுண்டேசுவரி மின்வழங்கல் கழகத்தின் அறிதிறன் மின்தொகுப்பு முன்னோடித் திட்டம் செயற்படுத்தப்பட்டது. ஒன்றிய மின்துறை அமைச்சகம் நாடெங்கும் முதலில் தேர்ந்தெடுத்த 14 முன்னோடித் திட்டங்களுள் இஃதும் ஒன்று. ஏறத்தாழ 21,800 நுகர்வோர் இதன் எல்லைக்குள் வந்தனர். மின்தடையை விரைந்து அறிதல், உச்சநேரச் சுமையைக் குறைத்தல், கணக்கெடுப்பைத் தானியங்கு முறைக்கு மாற்றுதல் ஆகியன இதன் நோக்கங்கள். எவருடைய உறக்கத்தையும் அறிவது இத்திட்டத்தின் நோக்கமன்று.

நோக்கம் அஃதன்று எனினும், அத்தகைய அளவிக்கு அவ்வாற்றல் இயல்பாகவே வாய்த்துவிடுகிறது. பழைய அளவி திங்களுக்கு ஒருமுறை ஒரே ஓர் எண்ணைத் தந்தது. புதிய அளவியோ 15 அல்லது 30 நிமிடத்திற்கு ஒருமுறை எண் தருகிறது. இரவில் குளிர்பதனப் பெட்டி இயங்கி நிற்கும் மெல்லிய ஏற்றத்தாழ்வு மட்டுமே எஞ்சுமாயின் வீடு உறங்குகிறது எனலாம். விடியலில் நீர்சூடேற்றி இயக்கப்பட்டதும் வரைகோடு செங்குத்தாக எழுமாயின் யாரோ ஒருவர் விழித்துவிட்டார் எனலாம். கூரையில் சூரியவெப்பக் கொதிகலன் உள்ள வீட்டில் இவ்வடையாளம் மறைந்துவிடும். அங்குச் சமையலறை விளக்கும் அரைப்பானும் அதனைக் காட்டிக்கொடுக்கும். 2021இல் ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்த மின்பகிர்மானச் சீரமைப்புத் திட்டம் 25 கோடி முன்கட்டண அறிதிறன் அளவிகளை இலக்காகக் கொண்டது. எனவே மைசூருவின் ஒரு பகுதியில் எழுந்த வினா இன்று நாடு முழுமைக்கும் உரியதாகிறது.

ஒரே அளவியின் எண்களைக் கொண்டு வீட்டினுள் எந்தெந்தக் கருவி இயங்குகிறது எனப் பிரித்தறியும் முறையை 1980களில் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவாக்கியவர் ஜார்ஜ் ஹார்ட் என்பவர். புறநானூற்றை மொழிபெயர்த்த தமிழறிஞர் ஜார்ஜ் ஹார்ட் வேறு, இவர் வேறு. தாம் உருவாக்கிய முறை வீட்டாரைக் கண்காணிக்கும் கருவியாகவும் மாறக்கூடும் என 1989இல் அவரே கட்டுரை எழுதி எச்சரித்தார் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. கண்டறிந்தவரே கண்ட தீங்கினைப் பின்வந்தோர் காணாது விடுதல் தகாது.

2. கருவி அறிவது எதனை?

அறவினாவிற்குள் புகுமுன், இக்கருவிகள் உண்மையில் எதனை அறிகின்றன என்பதைத் தெளிதல் வேண்டும். உறக்க ஆய்வுக்கூடங்களில் மூளையின் மின்னலைகளையும் கண்ணசைவையும் தசையிறுக்கத்தையும் ஒருங்கே பதிந்து உறக்கத்தின் நிலைகளை வகுக்கின்றனர். இல்லத்துக் கருவிகளுள் பெரும்பாலானவற்றிற்கு இவை எட்டுவதில்லை. அவை அசைவின்மையை அறிகின்றன. சில, மூச்சின் ஏற்ற இறக்கத்தை அறிகின்றன. 2021இல் வெளிவந்த கூகுள் நிறுவனத்தின் இரண்டாம் தலைமுறை நெஸ்ட் ஹப் என்னும் கருவி, படுக்கையருகே இருந்து ரேடார் அலைகளால் மார்பின் அசைவையும் மூச்சையும் அளந்து உறக்கத்தைக் கணிப்பது. இவ்வாறு கிடைப்பன அனைத்தும் உறக்கத்தின் குறிகளே. குறியிலிருந்து உறக்கத்தை உய்த்துணர்தலே அங்கு நிகழ்கிறது. அசைவைக் கொண்டு கணிக்கும் முறை, அசையாது விழித்திருக்கும் நேரத்தையும் உறக்கமாக எண்ணி, உறக்கத்தை மிகுத்துக் காட்டும் இயல்பினது என்பது உறக்கவியலார் அறிந்த உண்மை.

தமிழ் மெய்யியல் மரபு இவ்வேறுபாட்டை நெடுங்காலத்திற்கு முன்பே எண்ணியுள்ளது. 13ஆம் நூற்றாண்டினரான மெய்கண்டார், சிவஞானபோதத்தின் மூன்றாம் நூற்பாவில் உயிரின் உண்மையை நிறுவக் காட்டும் காரணங்களுள் உறக்கமும் ஒன்று. உறங்குங்கால் மூச்சு இயங்கிக்கொண்டிருந்தும் நுகர்ச்சியும் செயலும் நிகழ்வதில்லை. ஆதலின் மூச்சே உயிராகாது என்பது அவ்வாதத்தின் சாரம். உடலை இயந்திரம் என்றே அந்நூற்பா சுட்டுகிறது. நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம் எனச் சைவ சித்தாந்தம் வகுக்கும் ஐந்து நிலைகளும் உயிரின் அனுபவ நிலைகளேயன்றி உடலின் புறக்குறிகள் அல்ல. மூச்சை அளக்கும் கருவி, ஓர் இயந்திரம் மற்றோர் இயந்திரத்தின் ஓட்டத்தை அறிவது போன்றதே. அவ்வுடலுக்குரியவர் துயில்கின்றாரா, துயரால் கண்மூடிக் கிடக்கின்றாரா என்பது அதற்கு எட்டாது.

இலக்கியச் சான்று ஒன்றும் இதனைத் தெளிவுறுத்தும். குறுந்தொகை 138ஆம் பாடலில், பேரூர் முழுதும் உறங்கிய பொழுதும் தாங்கள் உறங்கவில்லை என்று தோழி உரைக்கிறாள். அதற்குச் சான்றாக அவள் காட்டுவது, வீட்டின் அயலில் நின்ற நொச்சியின் பூக்கள் உதிரும் ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தமையாகும். அன்று அம்மனையில் அசைவு உணரி இருந்திருப்பின், அசையாது கிடந்து செவிகூர்ந்த அவ்விருவரையும் உறங்கியோர் கணக்கிலேயே அது சேர்த்திருக்கும். பூ உதிரும் ஓசையைக் கேட்ட செவியை அறிய அதற்கு வழியில்லை. விழித்திருந்தமைக்கான சான்றினை விழித்திருந்தவரே தரவேண்டியுள்ளது.

3. இரவுக்குறியும் இல்லக் காவலும்

வீட்டார் ஒருவர் மற்றவர் உறக்கத்தைக் கண்காணித்தல் புதுமையன்று. அகத்திணையில் களவு ஒழுக்கத்தின் இரவுக்குறி முழுவதும் 'யார் உறங்கினர், யார் விழித்துள்ளனர்' என்னும் அறிவைச் சுற்றியே இயங்குகிறது. பரணர் பாடிய அகநானூற்று 122ஆம் பாடல் இதற்குத் தலைசிறந்த சான்று. விழா இல்லாத நாளிலும் ஊர் உறங்குவதில்லை. ஊர் அடங்கினால் அன்னை உறங்குவதில்லை. அவள் கண் அயர்ந்தால் ஊர்க்காவலர் திரிவர். அவர் ஓய்ந்தால் நாய் குரைக்கும். நாய் அடங்கினால் நிலவு பகல்போல் எறிக்கும். நிலவு மறைந்தால் கூகை குழறும். கூகை ஓய்ந்தால் மனைக்கோழி கூவும். இத்தடைகள் யாவும் ஒருங்கே நீங்கிய நாளிலோ தலைவன் வருவதில்லை.

இப்பாடலை இன்றைய நோக்கில் கண்காணிப்பின் அட்டவணையாகவும் படிக்கலாம். அவ்வாறு படிக்கும்பொழுது மூன்று இயல்புகள் புலனாகின்றன. முதலாவதாக, காவல் பலரிடம் பிரிந்து கிடக்கிறது. அன்னை அறிந்ததை நாய் அறியாது, நாய் அறிந்ததை நிலவு அறியாது. இரண்டாவதாக, காவல் புரிவோரும் உறங்கும் இயல்பினர். பிறர் உறக்கத்தை அறிய வேண்டுமாயின் தம் உறக்கத்தை இழந்தாக வேண்டும். மூன்றாவதாக, விடிந்தபின் அக்காவலில் எஞ்சுவது நினைவு மட்டுமே. எந்த நாளில் எந்த யாமத்தில் யார் விழித்திருந்தார் என்று எடுத்துக்காட்ட ஏடு எதுவும் இல்லை.

இல்லத்துத் தானியங்கி இம்மூன்றையும் மாற்றிவிடுகிறது. அன்னையும் காவலரும் நாயும் நிலவும் ஒரே கணக்கிற்குள் அடங்குகின்றனர். கண்காணிப்போர் உறங்கிக்கொண்டே கண்காணிக்க முடிகிறது. எல்லாவற்றிற்கும் மேலாக, ஏடு உருவாகிறது. சங்கப் பாடலின் அன்னை தன் மகளின் உறக்கத்தைக் காத்திருந்தாளெனின், அக்காவலில் கடுமையும் இருந்தது. அக்கடுமைக்கு அவள் தன் கண் துயிலை விலையாகக் கொடுத்தாள். விலையின்றிக் கிடைக்கும் காவல் எல்லை காண்பதில்லை. ஒருநாள் ஐயம் ஒருநாள் விழிப்பைக் கோரிய நிலை மாறி, ஐயமே இல்லாதபொழுதும் கருவி விழித்திருக்கும் நிலை தோன்றிவிட்டது.

4. யாருடைய உறக்கம் ஊரறிய வேண்டியது?

தொல்காப்பியர் புறத்திணையியலில் பாடாண் திணையின் துறைகளைக் கூறுமிடத்து, கண்படை நிலை, துயிலெடை நிலை என்னும் இரண்டினைச் சுட்டுகிறார். முன்னது அரசன் கண்துயிலுதலைப் பற்றியது. பின்னது துயிலும் அரசனைச் சூதர் புகழ்பாடி எழுப்புதலைப் பற்றியது. பத்தி இலக்கியக் காலத்தில் துயிலெடை மரபு இறைவன்மீது ஏற்றப்பெற்று, தொண்டரடிப்பொடியாழ்வாரின் திருப்பள்ளியெழுச்சியாகவும் மாணிக்கவாசகரின் திருப்பள்ளியெழுச்சியாகவும் மலர்ந்தது.

இவற்றை நோக்க, ஒரு வரையறை புலனாகிறது. உறங்குவதும் எழுவதும் ஊரறியப் பாடத்தக்கதாக அமைவது அரசனுக்கும் இறைவனுக்குமே. அரசனின் விழிப்பு நாட்டின் காவலோடு தொடர்புடையது. ஆதலின் அவன் துயில் புறப்பொருளாகிறது. முல்லைப்பாட்டில் பாசறையில் அரசன் துயில் பெறாது கிடப்பதும் அதனாலேயே காட்சிப்படுத்தப்படுகிறது. ஏனைய மாந்தரின் துயிலும் துயிலின்மையும் அகத்தின்பாற்பட்டன. அன்பின் ஐந்திணையில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டிக்கூறல் ஆகாது என்பது தொல்காப்பிய விதி. ஒத்த அன்புடைய இருவர் தாம் துய்த்த இன்பத்தை 'இவ்வாறு இருந்தது' எனப் பிறர்க்குக் கூறவியலாமையின் அஃது அகம் எனப்பட்டது என்பது நச்சினார்க்கினியர் தரும் விளக்கம். பெயர் சுட்டாமை, பிறர்க்குக் கூறவியலாமை ஆகிய இரண்டும் அகத்தின் எல்லைக்கோடுகள். பெயரும் நாளும் நேரமும் இட்டுத் தொகுக்கப்பட்ட உறக்கப் பதிவேடு இவ்விரு கோடுகளையும் ஒருங்கே தாண்டுகிறது. இல்லத்துள் இருந்துகொண்டே அது புறமாகிவிடுகிறது.

மக்கள் யாவரையும் ஒருசேர எழுப்பும் ஏற்பாடுகள் வேறு வகையின. ஆலைச் சங்கு ஊர் முழுவதற்கும் ஒலித்தது. அதன் கட்டளை கடுமையானது எனினும், எழுந்தவர் யார், புரண்டு படுத்தவர் யார் என்பதைச் சங்கு அறியாது. திருப்பாவையில் தோழியர் வாயிலில் நின்று உள்ளிருப்பவளை அழைக்கின்றனர். அவள் உறங்குகின்றாளா, உறங்குவதுபோல் கிடக்கின்றாளா என்பதை அவள் மறுமொழியாலேயே அறிய வேண்டியவராக நிற்கின்றனர். கதவு இடையில் உள்ளது. அழைத்து எழுப்புதலுக்கும் அழைக்காமலே அறிந்துவைத்தலுக்கும் இடையே உள்ள தொலைவு அக்கதவின் அளவினது.

5. சட்டம் நிற்கும் இடம்

இந்திய நீதிமன்றங்கள் உறக்கத்தைப் பற்றிப் பேசியுள்ளன. உத்தரப் பிரதேசக் காவல்துறை ஒருவர் வீட்டிற்கு இரவில் சென்று கதவைத் தட்டி எழுப்பும் விதியை எதிர்த்துத் தொடரப்பட்ட கரக் சிங் வழக்கில், 1962 டிசம்பர் 18 அன்று உச்சநீதிமன்றம் அவ்விரவு வருகையைச் சட்டத்திற்குப் புறம்பானது எனத் தள்ளியது. எனினும் மறையுரிமை அடிப்படை உரிமையன்று எனப் பெரும்பான்மை நீதிபதிகள் கருதினர். கர்நாடக உயர்நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்டு 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக மறையுரிமை அடிப்படை உரிமையே எனத் தீர்ப்பளித்து, முன்னைய கருத்தை மாற்றினர். தில்லி இராம்லீலா திடலில் 2011 சூன் மாதத்தில் நள்ளிரவில் உறங்கிக்கொண்டிருந்த கூட்டத்தின்மீது காவல்துறை நடவடிக்கை எடுத்தது தொடர்பான வழக்கில், 2012இல் நீதிபதி பி.எஸ். சௌகான், உறக்கம் மனிதரின் அடிப்படைத் தேவை, அதனைக் குலைப்பது உரிமை மீறல் எனத் தனியாக எழுதினார்.

அயல்நாட்டு வழக்குகளும் இதே திசையில் செல்கின்றன. வெளியில் நின்று வீட்டின் வெப்பத்தைப் படம்பிடித்த கருவி பற்றிய கைலோ வழக்கில் (2001), அத்தகைய கருவி இல்லத்தரசி இரவில் நீராடும் நேரத்தையும் காட்டிவிடக்கூடும் என அமெரிக்க உச்சநீதிமன்றம் கவலை தெரிவித்தது. இல்லினாய் மாநிலத்து நேப்பர்வில் நகரின் மின்னளவிகள் குறித்து 2018இல் தீர்ப்பளித்த மேல்முறையீட்டு நீதிமன்றம், 15 நிமிட இடைவெளிப் பதிவு வீட்டைச் சோதனையிடுதலுக்கு ஒப்பானதே என்றது. ஆயினும் மின்வழங்கலின் பொருட்டு அஃது ஏற்கத்தக்க சோதனை எனக் கொண்டது.

இத்தீர்ப்புகளில் கதவுக்கு வெளியே நிற்பது அரசு அல்லது அரசைச் சார்ந்த அமைப்பு. கதவுக்கு உள்ளே ஒருவர் மற்றவரைக் கண்காணிப்பது பற்றி அவை பேசவில்லை. 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனியர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், தனி ஒருவர் தம் சொந்த அல்லது இல்லத் தேவைக்காகக் கையாளும் தரவுகளுக்குத் தான் பொருந்தாது என வெளிப்படையாக விலக்களிக்கிறது. இவ்விலக்கு தேவையானதே. தாய் தன் குழந்தையின் உறக்கத்தைக் குறித்துவைக்கச் சட்டத்தின் இசைவைக் கோருதல் நகைப்பிற்கிடமாகும். ஆயினும் அதே விலக்கின் நிழலில், மருமகள் எழுந்த நேரம் மாமியாரின் கைப்பேசியில் நாள்தோறும் பதிவாகலாம். வளரிளம் பருவத்து மகனின் இரவு முழுவதும் தந்தையின் அட்டவணையில் நிறையலாம். வீட்டோடு தங்கிப் பணிபுரியும் பெண்ணின் ஓய்வு நேரம் நிமிடக் கணக்கில் எண்ணப்படலாம். சட்டம் விலகி நிற்கும் இவ்விடத்தில் இல்லறத்தின் அறமே பேசியாக வேண்டும்.

6. கண்ணோட்டமும் ஒற்றாடலும்

திருக்குறளில் கண்ணோட்டம் 58ஆம் அதிகாரம். ஒற்றாடல் 59ஆம் அதிகாரம். பிறரை இரக்கத்தோடு நோக்கி அவர் குறையைப் பொறுத்தலும், பிறரை அவர் அறியாமல் நோக்கி உண்மையை அறிதலும் அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன. இவ்வைப்புமுறையில் ஒரு சமநிலையைக் காணலாம். இரண்டும் கண்ணின் தொழில்கள். அரசனுக்கு இரண்டும் வேண்டும். ஒன்றின்றி மற்றொன்று தீங்காகும்.

ஒற்று கண்காணிக்க வேண்டியோருள் அரசனின் சுற்றத்தாரையும் வள்ளுவர் சேர்த்துள்ளாரே என வினவலாம். அரசனின் சுற்றம் அதிகாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் சுற்றம் என்பதே இதற்கு விடை. ஒற்றாடல் பொருட்பாலில் அரசியலின்கண் அமைந்ததேயன்றி இல்லறவியலில் அமையவில்லை. அன்புடைமை, விருந்தோம்பல், பொறையுடைமை எனச் செல்லும் இல்லறவியலின் வைப்பில் வீட்டாரை வேவு பார்த்தலுக்கு இடமில்லை. மிகுதியான உறக்கத்தை மடியின்மை அதிகாரம் கடிந்துரைப்பதும் உண்மையே. அக்கடிதல் ஒருவன் தன் சோம்பலைத் தானே வெல்லுமாறு கூறப்பட்டது. பிறர் உறக்கத்திற்குக் கணக்கு வைக்குமாறு கூறப்பட்டதன்று.

கண்ணோட்டம் இல்லாத கண் புண்ணெனக் கொள்ளப்படும் என்பது வள்ளுவர் கருத்து. நஞ்சினைப் பெய்யக் கண்டபின்னும் அதனை உண்டு அமைபவரைப் பற்றி அவ்வதிகாரத்தின் இறுதிக் குறள் கூறுகிறது. நாகரிகத்தின் உச்சம் என அங்குக் காட்டப்படுவது, கண்டதைக் காணாததுபோல் கொள்ளும் ஆற்றலாகும். கூட்டு வாழ்வை இயலச் செய்வது இவ்வாற்றலே. இரவெல்லாம் அழுது விடியலில் கண்ணயர்ந்த மருமகளை, அறிந்தும் அறியாதவராய் மாமியார் எழுப்பாமல் விடுதல் உண்டு. நள்ளிரவில் எழுந்து முன்றிலில் உலவும் முதியவரின் காலடியைக் கேட்டும் மகன் கேளாதவன்போல் கிடந்து, மறுநாள் வேறு பேச்சினூடே நலம் வினவுதல் உண்டு. மறைத்துத் தரும் இவ்வன்பு மனிதர்க்கே இயலும். கருவிக்குக் காணுதலும் காணாமையும் உண்டு; கண்டும் காணாமை இல்லை. அதன் பதிவில் ஒருமுறை ஏறியது, எப்பொழுது எவருடைய சினத்திற்குச் சான்றாகும் என்பதை எவரும் முன்னறிய இயலாது.

இக்கருத்திற்கு எதிராக வலிமையான மறுப்பு ஒன்று உண்டு. தனித்து வாழும் முதியவர் இரவில் தவறி விழுந்து விடியும்வரை கிடந்தால் யார் அறிவார்? நினைவு மறதி நோயுற்றவர் நள்ளிரவில் கதவைத் திறந்து வெளியேறினால் யார் தடுப்பார்? பிள்ளைகள் அயல்நாடுகளில் பணிபுரிய, பெற்றோர் மட்டும் வாழும் இல்லங்கள் மைசூரு, கோயம்புத்தூர், திருச்சிராப்பள்ளி போன்ற நகரங்களில் பலவாகும் காலத்தில் இவ்வினாவை எளிதில் ஒதுக்க முடியாது. கண்ணோட்டம் அருகில் இருப்போரின் அறம். தொலைவில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ கண்டும் காணாமை எவ்வாறு இயலும்? அவர்கள் முதலில் காணவே வழியில்லையே.

7. கோலம் தரும் விடை

இம்மறுப்பிற்கான விடை தமிழகத்தின் தெருக்களிலும் கன்னட நாட்டின் தெருக்களிலும் நாள்தோறும் வாயிலில் வரையப்பட்டு வருகிறது. விடியலில் வாயில் தெளித்துக் கோலமிடுதல், ஏனைய பொருள்களோடு, 'இவ்வீடு விழித்துவிட்டது' என்னும் அறிவிப்பாகவும் அமைகிறது. கோலம் இல்லாத வாயிலைக் கண்டால் அண்டை வீட்டார் உடல்நலமில்லையோ, துக்கமோ என வந்து வினவுவர். பாதுகாப்பிற்கு வேண்டிய செய்தி அங்குக் குறைவின்றிக் கிடைத்துவிடுகிறது. எனினும் அச்செய்தியை வீட்டாரே தம் கையால் தருகின்றனர். எப்பொழுது உறங்கினர், எத்தனை முறை விழித்தனர் என்பதைக் கோலம் சொல்வதில்லை. மாலைக்குள் அது காலடிகளால் அழிந்தும் போகிறது.

இதே நெறியில் அமைந்த கருவி ஒன்றையும் சுட்டலாம். ஜப்பானின் சொஜிருஷி நிறுவனம் 2001இல் அறிமுகப்படுத்திய ஐ-பாட் என்னும் மின்கெண்டி, தனித்து வாழும் முதியவர் தேநீருக்காக அதனைப் பயன்படுத்தும்பொழுது அச்செய்தியைத் தொலைவில் உள்ள குடும்பத்தாருக்கு மின்னஞ்சலாக அனுப்புவது. படுக்கையை அது நோக்குவதில்லை. விழித்தபின் முதியவர் தாமே செய்யும் செயல் ஒன்றினை அடையாளமாகக் கொள்கிறது. துயிலும் உடலை அளப்பதற்கும் விழித்த கை தரும் குறியைப் பெறுவதற்கும் உள்ள வேறுபாடு இங்குத் தெளிவாகிறது. முன்னதில் முதியவர் செயப்படுபொருள்; பின்னதில் அவரே எழுவாய்.

இவ்வேறுபாட்டிலிருந்து நான்கு நெறிகளைப் பெறலாம். கருவியின் இருப்பையும் அது அறிவனவற்றையும் வீட்டார் அனைவரும் விழித்திருக்கும்பொழுதே அறிந்து இசைந்திருத்தல் முதலாவது நெறி. அறிந்ததை அக்கணத்துப் பணிக்கு மட்டும் பயன்படுத்தி, பதிவேடாக்காமல் விடுதல் இரண்டாவது. விளக்கை அணைக்க இக்கணத்தின் உறக்கம் தெரிந்தால் போதும். சென்ற திங்களின் உறக்கம் வேண்டுவதில்லை. பிறரை அறியும் கருவிக்குத் தானும் ஆட்படுதல் மூன்றாவது. மாமியாரின் இரவு பதிவாகாத வீட்டில் மருமகளின் இரவும் பதிவாகலாகாது. துயிலும் உடலை அளப்பதினும் விழித்தோர் தாமே தரும் குறியைப் போற்றுதல் நான்காவது. நினைவு மறதி நோயுற்றோர்க்கும் கைக்குழந்தைக்கும் முதல் நெறியும் நான்காவது நெறியும் முழுமையாகப் பொருந்தா. அவர்கள் இசைவு தரவியலாதவர்கள். அந்நிலையில் இரண்டாவது நெறி இன்னும் இறுக்கமாகப் பின்பற்றத்தக்கது. கதவு திறந்ததும் எழும் ஒலி போதும். திறந்த நாள்களின் பட்டியல் தேவையற்றது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. மைசூரு முன்னோடித் திட்டம் போன்றவற்றால் பரவும் அறிதிறன் அளவிகளும் இல்லத் தானியங்கிகளும், தாம் நோக்காகக் கொள்ளாதவிடத்தும், வீட்டாரின் துயிலையும் விழிப்பையும் காட்டும் ஆற்றல் உடையன. அவை அறிவது உறக்கத்தின் குறிகளையே. துயிலாது கிடப்பாரின் அகம் அவற்றிற்குப் புலனாவதில்லை. கதவுக்கு வெளியே நிற்கும் அரசின் எல்லையைச் சட்டம் வரையறுக்க முயல்கிறது. கதவுக்கு உள்ளே நிகழ்வதை இல்லத்தாரின் மனச்சான்றிற்கு விட்டுவிடுகிறது.

வீட்டார் ஒருவர் மற்றவர் உறக்கத்தை அறிதல் தன்னளவில் குற்றமன்று. அன்பின் பல செயல்கள் அவ்வறிவிலிருந்தே பிறக்கின்றன. அவ்வறிவைத் தொகுத்து ஏடாக்கும்பொழுதே அகம் புறமாகிறது. கண்ணோட்டம் நிகழவேண்டிய இடத்தில் ஒற்றாடல் புகுகிறது. சங்கத் தமிழின் அன்னை மகளை அறிய விழித்திருந்தாள். விடிந்தபின் மறக்கவும் அவளால் இயன்றது. மறக்கும் ஆற்றலைக் கருவிக்குக் கற்பிப்பது அதனை ஆக்குவோர் கடன். எந்தப் பதிவை அழிப்பது, எதனைத் தொடக்கத்திலேயே பதியாமல் விடுவது என்பதைத் துணிவது அதனை வீட்டிற்குள் கொணர்வோர் கடன். அகம், புறம் என்னும் பாகுபாட்டை இலக்கிய வகைமையாக மட்டும் பயிலாமல் இத்தகைய நடைமுறை வினாக்களுக்கு உரிய அளவுகோலாகவும் கொள்ளும் ஆய்வுகள் தமிழியலில் விரிதல் வேண்டும்.